டிக்கியில் அண்டா, இன்ஜினில் சங்கிலி

பினாங்கில் ஒரு பஸ் கம்பெனியின் ஸ்டோரில் நான் குமாஸ்தா. ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் ஒரு பஸ்ஸுக்குள் இருக்கும் அத்தனை சாமானின் பெயரும், அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் கிடக்கிறது என்பதும் எனக்கு அத்துப்படி. இப்படிப்பட்டவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். சாமானின் பெயர் தெரிந்தாலே இன்ஜினே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். என்னுடைய அந்த நினைப்பு இந்தப் பயணத்தில் தொப்பூர்க் கணவாயில் அவிழ்ந்து விழுந்தது.

ஊருக்கு வந்த காரியம் காதுகுத்து. கம்பைநல்லூரில் இருக்கும் ருக்குமணி அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. "நீ வந்தாத்தான் குத்துவேன்" என்று ஒவ்வொரு கடுதாசியிலும் எழுதுவாள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று நானும் பதில் எழுதி எழுதி, பெரியவள் மல்லிகாவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளை 'மூளிக்காது' என்று கூப்பிடுகிறார்களாம். அக்கா புருசன் வீட்டுப் பெரியம்மா ஒருவர், "உன் தம்பி கப்பல்ல வரானா, கழுதையில வரானா?" என்று ஊர் நடுவில் வைத்து அக்காவைக் கேட்டாராம். கடைசியாக வந்த கடுதாசியில் இதைத் தவிர வேறு ஒரு வரியும் இல்லை.

கப்பல் ஏறிவிட்டேன். வெறுங்கையோடு போனால் அந்த வாய்களை அடைக்க முடியாது என்று எனக்குள் ஒரு வீம்பு. அக்கா புருசன் கோவிந்தன் மாமா ஒரு அரிசி மில்லுக்கு லாரி ஓட்டுகிறார். சொந்தமாக ஒரு கார் இருந்தால் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்வார். தாய்மாமன் சீராக ஒரு காரையே கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்துவது என்று கப்பலிலேயே முடிவு பண்ணியாயிற்று.

சேலத்தில் ஒரு புரோக்கர் பழைய கறுப்புக் கார் ஒன்றைக் காட்டினான். கதவைத் திறந்து மூடினேன். டயரை உதைத்தேன். இன்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துப் பெரிய நிபுணன் மாதிரித் தலையை ஆட்டினேன். சத்தமே இல்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது. வாங்கிவிட்டேன். அதோடு விட்டேனா? ஒரு பெரிய பித்தளை அண்டா, இரண்டு குடம், மூன்று தாம்பாளம் வாங்கி டிக்கியில் அடைத்தேன்.

வண்டியை ஓட்டிவர மாதையன் என்ற டிரைவரை அமர்த்தினேன். பினாங்கில் எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் அங்கே ரோட்டில் யாரும் கேழ்வரகைக் காயப்போடுவதில்லை. மாதையன் தர்மபுரிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், ரோட்டில் தமிழ். வண்டியிடம்கூட மரியாதையோடுதான் பேசுவார். "எழுந்திரிங்க, கெளம்பலாமுங்க" என்று ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகினார்.

வியாழக்கிழமை காலை சேலத்திலிருந்து புறப்பட்டோம். வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் காதுகுத்து. அதற்கப்புறம் ராகுகாலம். ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது, சாயங்காலம் அக்கா வீட்டில் காபி என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"பசியாறிட்டீங்களா?" என்று மாதையனைக் கேட்டேன். பினாங்கில் காலைப் பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது அப்படித்தான்.

"நான் கோவமா இருந்தாத்தானுங்களே ஆறுறதுக்கு?" என்றார் அவர். பிறகு நாள் முழுக்க டீக்கடையைக் கண்டால் போதும், "சார், பசி ஆறலாமுங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

கணவாய் ஏற ஏற லாரிகள் முக்கிக்கொண்டு முன்னால் போயின. பாதி மேட்டில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டப்பாவுக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு கலகலப்பு. மாதையன் என்னைப் பார்த்தார். நான் டிக்கியைப் பார்த்தேன்.

"அண்டா," என்றேன்.

"அண்டா பின்னாடி இருக்குதுங்க. சத்தம் முன்னாடி வருதுங்க."

"மேட்டில் ஏறும்போது சத்தம் அப்படித்தான் முன்னால் வரும்." இதை எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, இன்றுவரை தெரியவில்லை.

மேட்டுக்கு மேலே ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் நிறுத்தினோம். இன்ஜினை அணைக்காமல் மூடியைத் தூக்கியதுதான் தாமதம், களி தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் டேப்பட் என்றார். ஒருவர் ஃபேன் பெல்ட் என்றார். மூன்றாமவர் யாரோ செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இரண்டு பேர் கன்னடத்தில் பேசிக்கொண்டு என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மாதையனைக் கேட்டேன். "உங்க சட்டையில இருக்கிற பூவுல பாதிய வண்டிக்கு வெச்சிருந்தா நல்லா ஓடியிருக்குமாம்," என்றார். பூப்போட்ட பத்திக் சட்டை போட்டிருந்தேன். பினாங்கில் அது கல்யாணத்துக்குப் போகும் சட்டை.

நானா விடுவேன்? அண்டாதான் என்று நிரூபிக்க, டிக்கியில் இருந்த பித்தளை அத்தனையையும் இறக்கி ரோட்டோரம் வரிசையாக வைத்தேன். வெயிலில் தகதகவென்று மின்னியது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா வந்து அண்டாவை விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன வெலைங்க?"

"விக்கிறதுக்கு இல்லம்மா. இது சீர்."

"சீர ஏனுங்க ரோட்டுல வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாதையன் இன்ஜினை ஒரு உறுமு உறுமவிட்டு மெதுவாக்கினார். அண்டா ரோட்டில் இருந்தது. சத்தம் காரில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன், வேறு வழி?

அந்தக் கடையிலேயே களி சாப்பிட்டோம். கேழ்வரகுக் களி உருண்டை, நடுவில் குழி, குழியில் கீரைக் குழம்பு. நான் மென்றேன். "மெல்லக் கூடாதுங்க, முழுங்கணும்," என்றார் மாதையன். முழுங்கினேன். பினாங்கில் காலையில் சாப்பிடும் ரொட்டி பத்து மணிக்கே காணாமல் போய்விடும். இந்தக் களி மறுநாள் காலை வரைக்கும் கூடவே இருந்தது. பித்தளைகளை என் வேட்டி துண்டுகளில் சுற்றி மறுபடி ஏற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து மத்தியானம் தர்மபுரி போய்ச் சேர்ந்தோம்.

மாதையன் நேராக அன்வர் பாய் பட்டறையில் நிறுத்தினார். பட்டறை என்றால் ஒரு புளியமரம், அதன் கீழ் ஒரு தகரக் கொட்டகை. எதிரே மாவு மில். மில்லின் பெல்ட் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அன்வர் பாய் எதிர்ப்பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். மில் நின்றுவிட்டது! பாய் வண்டிச் சத்தம் பார்க்கும்போதெல்லாம் மில்லைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது அந்தத் தெருவின் வழக்கமாம். கேழ்வரகுக் கூடையோடு காத்திருந்த பெண்களும் கோபப்படவில்லை. வாசலுக்கு வந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பாய் முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டார். சத்தம் போகவில்லை. "பெல்ட்டு இல்ல, டைனமோ இல்ல," என்றார். ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினார். மேலே வைத்துக் கேட்டார். "டேப்பட்டு ஒழுங்காத்தான் தாளம் போடுது." முன்பக்கம் மூடியில் வைத்தார். முகம் மாறியது. ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டினார்.

காதில் வைத்தேன். உள்ளே யாரோ கோபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"டைமிங் செயினுங்க," என்றார். இன்ஜினுக்குள் கீழே ஒரு அச்சு, பக்கத்தில் ஒரு அச்சு. இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதற்கு நடுவில் சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி. எங்கள் ஸ்டோரில் ஏழாம் அலமாரி, மூன்றாம் தட்டு. அது உள்ளே என்ன வேலை பார்க்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது என்று இன்னொன்றும் காட்டினார். இன்ஜினை அணைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே, அந்தப் பக்கத்து அச்சோடு சேர்ந்து சுற்றும் சின்ன ரோட்டாரைக் காட்டி, "இதுலருந்து கண்ண எடுக்காதீங்க. அசைஞ்சதும் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, முன்னால் போய், கீழ் அச்சைச் சுற்றும் ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பினார். ஹேண்டில் திரும்பியது. ரோட்டார் தூங்கியது. இன்னும் திருப்பினார். அப்புறம்தான் சோம்பல் முறித்துக்கொண்டு அசைந்தது.

"இப்ப!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா? அவ்வளவு தொளதொளப்பு. சத்தம் கொஞ்சமா இருந்தா இன்னும் கொஞ்ச நாளு ஓட்டலாமுங்க. இது இழுக்கிற இழுப்புக்கு என்னிக்கு வேணாலும் அறுந்துரும். அறுந்தா வண்டி அங்கயே படுத்துக்கும். உள்ள வால்வு வளைஞ்சாலும் வளையும்."

"சேலத்தில் சத்தமே இல்லையே பாய்!"

அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து முகர்ந்தார். "கியர் பெட்டிக்கு ஊத்தற கெட்டி ஆயில இதுல கலந்திருக்காங்க. வண்டி ஜில்லுனு இருக்கிற வரைக்கும் சத்தத்த அமுக்கி வெக்கும். மேடு ஏறிச் சூடானதும் எளகிப்போச்சு. உள்ள இருந்தது வெளிய வந்துருச்சு."

"அப்போ என்னை ஏமாத்திட்டான்!"

"காத சாய்ச்சு வெச்சுக் கேட்டிருப்பீங்களே?" என்றார் மாதையன். இந்த மனிதரை யார் கூட்டிவந்தது?

புதுச் சங்கிலி சேலத்திலிருந்துதான் வரவேண்டும். பஸ் கண்டக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தால், காலை முதல் பஸ்ஸில் வந்துவிடும். மாட்டி முடிக்க மறுநாள் பதினொரு மணி ஆகும் என்றார் பாய். பதினொரு மணி! எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது.

"பாய், மறுபடியும் கெட்டி ஆயிலையே ஊத்திக் குடுத்துருங்க. நாளைக்கு ஒருநாள் சத்தம் வராம இருந்தாப் போதும்."

பாய் கோபப்படவில்லை. "ஊத்தலாமுங்க. அஞ்சு நிமிச வேலை. யாருக்குக் குடுக்கறீங்க வண்டிய?"

"எங்க மாமாவுக்கு. லாரி ஓட்டறாரு."

"லாரி டிரைவருங்களா?" ஸ்குரூ டிரைவரைத் துணியால் துடைத்தார். "அப்ப முத நாளே தெரிஞ்சுக்குவாருங்க. ஆனா மச்சான் குடுத்த சீராச்சேன்னு வாயத் தொறக்க மாட்டாரு. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே தெனமும் ஓட்டுவாரு."

கோவிந்தன் மாமா அப்படிப்பட்டவர்தான். அவருடைய கல்யாணத்தில் அவரைக் குளிப்பாட்ட நான் ஊற்றிய தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் நின்று குளித்தவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கழற்றுங்க பாய்," என்றேன்.

"வண்டி இங்க இருக்கட்டும், நீங்க சாயங்கால பஸ்ஸுல போயிருங்க," என்று பாயும் சொன்னார், மாதையனும் சொன்னார். எந்தப் புத்தியுள்ளவனும் அதைத்தான் செய்திருப்பான். பன்னிரண்டு வருடம் கழித்து வரும் தாய்மாமன், கார் இல்லாமல், அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்குவதா? அந்தப் பெரியம்மா கழுதை பற்றி இன்னொரு தடவை கேட்பதற்கா? மாட்டவே மாட்டேன் என்றேன். பாய் கொஞ்சம் வேகமாகச் செய்தால் ஒன்பதுக்குள் முடியாதா என்று ஒரு நப்பாசை. கம்பைநல்லூர் பஸ் கண்டக்டரிடம், "கார் அன்வர் பாய் பட்டறையில இருக்கு, காலையில நேரத்துக்கு வந்துருவேன்னு ருக்குமணி அக்காகிட்ட சொல்லிருங்க" என்று சேதி அனுப்பினேன். அன்று பொழுது சாய்வதற்குள் பாய் ரேடியேட்டரைக் கழற்றி, முன்மூடியையும் பிரித்து வைத்துவிட்டார். அவர் வீட்டுக் குஸ்காவையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பற்றி எழுத ஆரம்பித்தால் காரை மறந்துவிடுவேன். அதனால் விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்குச் சங்கிலி வந்தது. பாய் பழைய சங்கிலியைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்துக் காட்டினார். ஈரத் துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. புதியது விறைப்பாக நின்றது. இரண்டு பல்சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி இருக்கிறது. புள்ளியும் புள்ளியும் முகம் பார்த்து நின்றால்தான் சங்கிலியை மாட்டலாம். பாய் அதை மூன்று தடவை பார்த்தார், நான் முப்பது தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

எட்டே முக்கால் ஆயிற்று. ரேடியேட்டர் இன்னும் தரையில் கிடக்கிறது. "இப்ப பஸ் ஏதாவது..." என்று மாதையனைக் கேட்டேன். "அடுத்தது பத்து மணிக்குத்தானுங்க," என்றார் அவர். இந்த ஒரு தடவை கிண்டல் பண்ணவில்லை. அதில் போனால் பத்தரைக்குள் போய்ச் சேரமுடியாது. கடல் தாண்டி வந்தவன், கடைசி ஒரு மணி நேரப் பயணத்தை வீம்பில் தொலைத்துவிட்டேன். மல்லிகா இன்னும் எத்தனை நாள் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போவாள்? புளியமரத்தின் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். நாற்பது வயது ஆளுக்கு அது அழகில்லைதான். அழுகை வந்தது, அழுதேன்.

அப்போது மாவு மில் முன்னால் ஒரு பஸ் நின்றது. முதலில் ஒரு பழத்தட்டு இறங்கியது. அப்புறம் ஒரு பானை. பட்டுப் பாவாடையில் ஒரு பெண், இரண்டு சின்னப் பையன்கள், கையில் சின்னப் பெட்டியோடு ஆசாரி, வெள்ளை வேட்டியில் மாமா. எல்லோருக்கும் பின்னால், "எங்க அவன்?" என்று கேட்டுக்கொண்டே ருக்குமணி அக்கா.

"அக்கா... வாசல்ல கார கொண்டுவந்து நிறுத்தணும்னு..."

"காரு கெடக்குதுடா!" என்றாள். நடு ரோட்டில் நின்று என் கன்னத்தில் ஒன்று வைத்தாள், அதே கையால் கண்ணீரையும் துடைத்தாள். "நேரத்துக்கு வந்துருவேன்னு சேதி வந்துச்சு. இந்த 'வந்துருவேன'த்தான் பன்னெண்டு வருசமாக் கேட்டுட்டிருக்கேன். அதான் நானே வந்துட்டேன். எனக்கு உன் மடிதான்டா வேணும். உக்காரு மொதல்ல!"

எங்கே உட்காருவது? அன்வர் பாய் காரின் பின்சீட்டைக் கழற்றித் தூக்கிவந்து புளியமரத்தடியில் போட்டார். அண்டாவையும் குடத்தையும் சுற்றியிருந்த என் வேட்டிகளை எல்லாம் மாதையன் உருவி வந்து சீட்டின்மேல் விரித்தார். தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் ஏறின. எதிரே மில் தானாகவே நின்றது. யாரும் கையைக் காட்டவில்லை. மாவுக் கையோடு பெண்கள் ரோட்டைத் தாண்டி வந்து, கூப்பிடாமலே விருந்தாளிகள் ஆனார்கள். கழுதைப் பெரியம்மாவும் வந்திருந்தார். அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கனமாத்தான் இருக்குது," என்றார்.

மல்லிகா என் மடியில் ஏறினாள். அவளை நான் பார்ப்பதே அன்றைக்குத்தான்.

"வலிக்குமா மாமா?"

"தெரியலியே கண்ணு. எனக்குக் குத்தினப்ப நான் ஊரையே கூட்டிட்டேனாம்."

அவள் சிரித்தாள். என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தாள். ஆசாரி இந்தக் காது, அந்தக் காது என்று இரண்டு நொடியில் முடித்துவிட்டார். அவள் அழவில்லை, நான்தான் மறுபடியும் அழுதேன். தம்பிகள் இருவரும் அவளுக்கும் சேர்த்துக் கத்தித் தீர்த்தார்கள். அக்கா பானையைத் திறந்து, வெல்லம் போட்ட காப்பரிசியை மில்லுக்கு வந்த பெண்கள் வரைக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். ராகுகாலத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது.

பதினொன்றரைக்கு இன்ஜின் ஓடியது. பாய் தொழுகைக்குக் கை கழுவப் போகும்முன் ஸ்குரூ டிரைவரை மாமாவிடம் கொடுத்தார். மாமா முன்மூடியில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். நடந்ததை எல்லாம் நான் சொல்லிவிட்டேன், கெட்டி ஆயில் யோசனை உட்பட.

"மாத்தாம குடுத்திருந்தா சொல்லியிருப்பீங்களா மாமா?"

"எதுக்கு மாப்ளே சொல்லணும்?" என்றார் அவர். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பித்தளை டிக்கிக்குத் திரும்பியது, விரித்த வேட்டிகளோடு பின்சீட்டும் காருக்குத் திரும்பியது. மாதையன் காரைத் தொட்டுக் கும்பிட்டு, "போய்ட்டு வாங்க," என்று வழியனுப்பினார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாங்கள் ஒருவர்மேல் ஒருவராக ஏறிக்கொண்டோம். மல்லிகாவுக்கு மடி மறுபடியும் வேண்டுமாம். ஊர் எல்லையைத் தாண்டியதும் மாமா வேகத்தைக் குறைத்துக் காதைச் சாய்த்தார்.

"மாப்ளே, கலகலன்னு என்னமோ சத்தம் கேக்குதே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டேன், நன்றாகவே கேட்டேன். சுற்றியிருந்த வேட்டியெல்லாம் எங்களுக்கு அடியில் கிடந்தது.

"அது அண்டா, மாமா," என்றேன்.